இறைச்சியை விடவும் தொடரவும் சொல்லப்படும் காரணங்கள்: எந்தக் காரணத்துக்கு எதை முதலில் விடுவது?

தாழ்வாரம் கேட்டது:

இறைச்சி வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் உடல்நலம், உயிர்க்கொலை, பருவநிலை, மதம் என்று நாலைந்து தலைப்புக்குள் அடங்கிவிடுகின்றன. சாப்பிடுகிறவர்கள் தரப்பில் புரதம், இரும்புச்சத்து, பி12, ருசி, பழக்கம். பேச்சு முற்றும்போது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். புற்றுநோயில் ஆரம்பித்து, மீத்தேனுக்குத் தாவி, கோழிக்கூண்டில் போய் நிற்கிறது விவாதம். எந்தக் காரணம் நம்மை எதைச் செய்யச் சொல்கிறது என்பது மட்டும் தெளியவே மாட்டேன் என்கிறது.

கேட்க விரும்புவது மூன்று. இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் இழுக்கின்றனவா? உதாரணமாக, மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறினால் எல்லாக் கணக்கிலும் நல்லதுதானா? அடுத்தது, புகையிலை இருக்கும் அதே பட்டியலில் இறைச்சியையும் சேர்த்துவிட்டார்கள் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? கடைசியாக, முழுக்க விட்டுவிட்டால் உடம்புக்கு எது குறையும், எவ்வளவு எடுத்து அதை ஈடுகட்டுவது? "சரிவிகிதமாகச் சாப்பிட்டால் போதும்" என்ற பதில் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்கலப்பானை:

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. சில இடங்களில் நேரெதிராகவே இழுக்கின்றன. அதனால்தான் "இறைச்சி நல்லதா கெட்டதா" என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. உங்களுக்கு எது காரணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தட்டிலிருந்து எதை முதலில் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பருவநிலைதான் காரணம் என்றால் கணக்கு இப்படி. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் பூர், நெமசெக் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டியது. 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்று கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றிப் பார்த்தால், கறிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்குச் சராசரி 50 கிலோ. ஆட்டுக்கு 20. பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கு 17. பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2. டோஃபுவுக்கு (சோயாப் பாலை உறைய வைத்த கட்டி) 2, பட்டாணிக்கு 0.4. அசைபோடும் விலங்கின் வயிற்றில் உருவாகும் மீத்தேன்தான் மேலே இருப்பவற்றுக்கு முக்கியக் காரணம். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27 முதல் 30 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆகவே பருவநிலைக்காக ஒன்றே ஒன்றை விடுவதென்றால் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும்தான். மாட்டிலிருந்து கோழிக்கு வந்தாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

இதே பட்டியலில் பலர் கவனிக்காத இரண்டு: பாலாடைக்கட்டி 11, பண்ணை இறால் 18. ஒரு கிலோ கெட்டிப் பாலாடைக்கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும், அந்தப் பாலைத் தருவதும் அசைபோடும் விலங்குதான். கோழியை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பாலாடைக்கட்டியால் நிரப்புகிறவர், பருவநிலைக் கணக்கில் முன்பைவிட மோசமான இடத்துக்குப் போகிறார்.

இப்போது காரணம் விலங்கின் துன்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை தலைகீழாகிறது. ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும், ஒரு பிராய்லர் கோழியிலிருந்து ஒன்றரைக் கிலோ சொச்சம். மாட்டைக் கோழியாக மாற்றினால் அதே எடைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை, வாழ்ந்த விதமும் இருக்கிறது. பிராய்லர் 5 முதல் 7 வாரத்தில் வெட்டப்படுகிறது. அதற்குள் இரண்டரைக் கிலோ ஏறும்படி இனவிருத்தி செய்ததால் எலும்பும் இதயமும் எடைக்கு ஈடுகொடுப்பதில்லை. கால் வளைந்து நொண்டுவதும், வயிற்றில் நீர் கோத்துச் சாவதும் அந்த வேக வளர்ச்சியின் விளைவு.

முட்டையில் இன்னொரு சங்கதி. முட்டைக்கோழி ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை இடுகிறது. ஒவ்வொரு ஓட்டுக்கும் கால்சியம் அதன் எலும்பிலிருந்தும் போகிறது, நெஞ்செலும்பு முறிவு அதனால் சாதாரணமாகிவிட்டது. அந்த இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. எனவே பொரித்த நாளிலேயே ஆண் குஞ்சுகளைக் கொன்றுவிடுவது உலகெங்கும் நடைமுறை. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடை செய்தது. இப்போது குஞ்சு பொரிக்கும் முன்பே முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. விலங்குக்காக இறைச்சியை விட்டுவிட்டுத் தினமும் மூன்று முட்டை சாப்பிடுகிறவர், தன் காரணத்தை இந்த இடத்தில் மறுபடி உரசிப் பார்க்க வேண்டும். பாலுக்கும் இது பொருந்தும். கன்று ஈனாமல் பால் சுரக்காது, பிறக்கும் காளைக்கன்றுக்குப் பால் பண்ணையில் வேலையும் கிடையாது.

உடல்நலம் காரணம் என்றால் வரிசை மூன்றாவது விதமாக வரும். அங்கே முதலில் போக வேண்டியவை பதப்படுத்திய இறைச்சிகள்.

நாடித்துடிப்பு:

மேலே சொன்ன கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்வியும் அதுதான்.

2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்களை வைத்து 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு இரண்டு முடிவுகள் சொன்னது. பதப்படுத்திய இறைச்சி முதல் குழு: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது. சிவப்பு இறைச்சி 2ஏ குழு: உண்டாக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சான்று அந்த அளவுக்கு உறுதியாக இல்லை.

குழு எண் குறிப்பது சான்றின் உறுதியை. ஆபத்தின் பருமனை அது சொல்லாது. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே குழுவில் இருப்பதற்கு, "இரண்டும் உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை" என்பதுதான் பொருள். எவ்வளவு என்று பார்த்தால் இடைவெளி மிகப் பெரியது. அந்த அறிவிப்போடு வந்த விளக்கத்திலேயே, பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் உலக அளவில் ஆண்டுக்கு 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் 10 லட்சம் என்று ஒப்பிட்டிருந்தார்கள்.

பரவலாகச் சுற்றும் அந்த 18 சதவீதம்: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடுகிறது. இது ஒப்பீட்டு அளவு. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் மக்கள்தொகையில் அது ஏறத்தாழ 6 பேராகும், 23 ஆகாது. சின்ன எண்தான். ஆனால் தினமும் காலையில் அதையே சாப்பிடுகிறவர் விட்டுவிடுவதற்கு அது போதுமான காரணம் என்பதே என் கருத்து, ஏனென்றால் அதனால் அவருக்குக் குறையப் போவது ஒன்றும் இல்லை.

எது பதப்படுத்தியது என்பதில் குழப்பம் வேண்டாம். உப்பூட்டியது, புகையூட்டியது, புளிக்க வைத்தது, நைட்ரைட் போன்ற பதங்காப்புப் பொருள் சேர்த்தது எல்லாம் அதில் சேரும். கோழிக்கறியில் செய்த சாசேஜும் பதப்படுத்தியதுதான். அரைத்த பச்சை இறைச்சி, அரைத்ததாலேயே அந்த வகைக்குள் வராது. நைட்ரைட்டும் இறைச்சியில் உள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மமும் சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டும் என்-நைட்ரசோ சேர்மங்களைக் குடலில் உருவாக்குவது முக்கியமான வழி. சிவப்பு இறைச்சி என்றால் பாலூட்டிகளின் தசை: மாடு, ஆடு, பன்றி எல்லாம். வெள்ளாட்டுக் கறி இதில் வராது என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் சிவப்பு இறைச்சியே. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம். பச்சையாக நிறுத்தால் 500 முதல் 700 கிராம்.

தணலில் கருகும்போது உண்டாகும் சேர்மங்கள் வேறு கணக்கு, அவை கோழிக்கும் மீனுக்கும்கூட உண்டு. நேரடித் தீயில் படாமல், அடிக்கடி திருப்பிப் போட்டு, கருகிய ஓரத்தை வெட்டி எறிந்தால் பெருமளவு குறையும்.

எதிர்க்கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் 'ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் ஒரு குழு, சான்றின் தரம் குறைவு, எனவே தற்போது சாப்பிடும் அளவைத் தொடரலாம் என்று பரிந்துரைத்தது. அதையும் அவர்கள் 'பலவீனமான பரிந்துரை' என்றே குறிப்பிட்டார்கள். இந்தத் துறையில் பெரும்பாலானவை கண்காணிப்பு ஆய்வுகள். இறைச்சி அதிகம் சாப்பிடுகிறவர் புகைப்பவராகவும் நடக்காதவராகவும் இருந்தால் எது எதனால் என்று பிரிப்பது கடினம்.

விட்டால் நன்மை மட்டுமே என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வு 2019-ல் சொன்னது: சைவ உணவினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22% குறைவு, பக்கவாதம் 20% கூடுதல். அடுத்த ஆண்டு அதே ஆய்வு, பாலும் முட்டையும் சேர்த்து விட்ட வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு 2.3 மடங்கு என்றது. உடல் எடை குறைவும், கால்சியமும் புரதமும் குறைவாக எடுப்பதும் அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

உப்புக்கணக்கு:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இறைச்சியை விடுகிறவர்கள் புரதத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள், பி12-ஐப் பற்றிப் போதிய அளவு கவலைப்படுவதில்லை.

பி12: எந்தத் தாவரமும் இதைத் தயாரிப்பதில்லை, எந்த விலங்கும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. பெரியவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை என்பது அமெரிக்க அளவு, ஐரோப்பிய அளவு 4. கல்லீரல் இருப்பு சில ஆண்டுகள் தாங்கும். அதுதான் ஏமாற்றுகிறது: விட்ட முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு பாதத்தில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், நடையில் தடுமாற்றம். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட் (பி9 வைட்டமின்) நன்றாக இருக்கும். ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும். ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது என்பது இதனால்தான்.

மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்து இவ்வளவா என்று பயப்படுகிறார்கள். இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு ஒரு வேளைக்கு உறிஞ்சப்படுவது ஒன்றரை முதல் 2 மைக்ரோகிராம் மட்டுமே. அதற்கு மேல் உள்ளதில் சுமார் 1% தான் தானாகக் கசிந்து உள்ளே போகும். எனவே 1,000-இல் உடம்பில் சேர்வது 10 சொச்சம். முழு வீகன்களுக்கு நடைமுறையில் சொல்லப்படும் அளவு, தினமும் எடுத்தால் 50 முதல் 100 மைக்ரோகிராம், வாரம் இருமுறை என்றால் 1,000. பாலும் முட்டையும் சாப்பிடுகிறவருக்கு ஒரு குவளைப் பாலில் 1 மைக்ரோகிராம் சுற்றி, ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் கிடைக்கும். தினமும் இரண்டு மூன்று வேளை அவை இருந்தால் சமாளிக்கலாம். ஸ்பைருலினா என்ற பாசித்தூள் இதற்கு உதவாது, அதில் பெரும்பாலும் இருப்பது உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நீண்டநாள் எடுப்பவர்களும் இறைச்சி சாப்பிட்டாலும்கூட இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம், அப்போது மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை தெளிவுபடுத்தும்.

இரும்பு: இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பு 15 முதல் 35% உறிஞ்சப்படுகிறது. தாவர இரும்பு 2 முதல் 20%, அந்த வேளையில் கூட என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் சைவ உணவினருக்கு 1.8 மடங்கு வேண்டும் என்று அமெரிக்கக் கணக்கு. ஆணுக்கு 8 மில்லிகிராம் என்பது 14 ஆகிறது, மாதவிடாய் வயதுப் பெண்ணுக்கு 18 என்பது 32. இந்த 32-ஐ உணவில் மட்டும் எட்டுவது கடினம், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உறிஞ்சுதலை நம்மால் கூட்ட முடியும். 50 மில்லிகிராம் வைட்டமின் சி அதே வேளையில் சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறலாம். ஒரு ஆரஞ்சு, அரை கொய்யா, பச்சைக் குடைமிளகாய் சில துண்டு போதும். சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பதால் எலுமிச்சையை அடுப்பை விட்டு இறக்கிய பிறகு பிழிய வேண்டும். தேநீரும் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் பாதிக்கு மேல் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையும் அந்த வேளையில் வேண்டாம்.

குறைந்தால் சும்மா இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிட்டு எடுங்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் உறிஞ்சுதல் கூடும் என்றும் ஆய்வுகள் உண்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பரம்பரையாக இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு நேர்மாறு: சிவப்பு இறைச்சியைக் குறைக்க அதுவே ஒரு மருத்துவக் காரணம்.

புரதம்: கிலோ எடைக்கு 0.8 கிராம். தாவரம் மட்டும் என்றால் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். 100 கிராம் காய்ந்த பருப்பில் 24, 50 கிராம் சோயா உருண்டையில் 26, கைப்பிடி நிலக்கடலையில் 7, நாள் முழுக்கத் தானியத்தில் 20 முதல் 25. அளவு வந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது லைசின் என்ற அமினோ அமிலத்தை. 60 கிலோவுக்கு நாளுக்கு 1,800 மில்லிகிராம் தேவை. 100 கிராம் தானியத்தில் 250 முதல் 350 தான், 100 கிராம் பருப்பில் 1,700. எனவே தானியத்தை மட்டும் குவித்துச் சாப்பிடும் சைவத்தில்தான் குறைபாடு வரும். பருப்பும் தானியமும் ஒரே வேளையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே நாளுக்குள் இருந்தால் போதும்.

முதியவர்களுக்கு இது அவ்வளவு சுலபமில்லை. அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், பசி குறைவு, பருப்பு வயிற்றை நிரப்பிவிடும். 100 கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 31 கிராம் புரதம், 100 கிராம் வெந்த பருப்பில் 9. சின்ன வயிற்றுக்கு இந்த வித்தியாசம் பெரியது. எழுபது வயதில் தசை வற்றிக்கொண்டிருப்பவர் "எனக்குக் கறியும் முட்டையும் வேண்டும்" என்றால் அது நியாயமான காரணம்.

மற்றவை சுருக்கமாக. அயோடினுக்கு அயோடின் உப்பு. கால்சியத்துக்கு முளைக்கீரையையும் பசலையையும் நம்ப வேண்டாம், ஆக்ஸலேட் கட்டிப் போடுவதால் பசலையில் உள்ளதில் 5% தான் சேரும். கால்சியம் உப்பால் உறைய வைத்த டோஃபு நல்லது. மீனையும் விட்டால் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புக்குப் பாசி எண்ணெய், நாளுக்கு 250 மில்லிகிராம். ஆளிவிதையிலிருந்து உடம்பு தானாக மாற்றிக்கொள்வது மிகச் சொற்பம்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்தமாக: வீகனாக இருக்கும் தாய் பி12 எடுக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால், பிறக்கும்போதே குறைந்த இருப்போடு வந்த குழந்தைக்குச் சில மாதங்களிலேயே மூளை வளர்ச்சி பாதிக்கும். சிகிச்சைக்குப் பிறகும் முழுக்கத் திரும்பாமல் போகலாம். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

மேய்ச்சல்நிலம்:

வெண்கலப்பானை தந்த எண்கள் சரி. ஆனால் சாப்பிடுகிறவர் தரப்பில் 'ருசி, பழக்கம்' தாண்டி ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

கால்நடைகள் தின்னும் தீவனத்தில் உலர் எடையில் 86% மனிதர் தின்ன முடியாதது: புல், வைக்கோல், தட்டை, பிண்ணாக்கு. 2017-ல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் மோட்டே முதலானோர் கணக்கிட்டது இது. உழ முடியாத சரிவிலும் வறண்ட மேய்ச்சலிலும் பயிர் வராது, ஆடு மாடு வரும். அங்கே வாழ்கிறவருக்கு இறைச்சி என்பது தேர்வே கிடையாது.

இதற்கு மறுபக்கமும் அதே ஆய்வில் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. எலும்பில்லாத ஒரு கிலோ கறிக்கு, அசைபோடும் விலங்குகளில் 2.8 கிலோவும், கோழி, பன்றியில் 3.2 கிலோவும் மனிதர் சாப்பிடக்கூடிய தீவனம் செலவாகிறது. தற்போதைய மேய்ச்சல் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உழவும் முடியும். புல் மட்டும் தின்ற மாடு பருவநிலைக்கு நல்லது என்ற நம்பிக்கையும் முழுசாக நிற்காது. அது எடை போட அதிக காலம் எடுக்கிறது, அத்தனை காலமும் மீத்தேன் வெளியேறுகிறது. நல்ல மேய்ச்சலில் மண்ணில் கார்பன் சேரும், ஆனால் சில பத்தாண்டுகளில் மண் நிறைந்து சேர்வது நின்றுவிடும். "பக்கத்து ஊர்க் கறிதானே" என்பதும் பெரிய வித்தியாசம் செய்யாது. மாட்டிறைச்சியின் வாயுக் கணக்கில் போக்குவரத்தின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே என் தரப்பு இது: உழ முடியாத நிலத்தில் மேய்ந்ததும், பால் பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் விலங்கும் ஒரு வகை. சோளமும் சோயாவும் ஊட்டி வளர்த்தது வேறு வகை. ஒரே சொல்லால் இரண்டையும் தீர்ப்பிடக் கூடாது.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி, இப்போதுதான் முடிச்சு அவிழ்கிறது. கூடுதலாக ஒன்று. மத நம்பிக்கைக்காகவோ உயிர்க்கொலைக்காகவோ முழுக்க விடுகிறவர், கடையில் வாங்கும் பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்? இறைச்சி என்று வெளிப்படையாக எழுதியிருக்காதவை எவை?

வெண்கலப்பானை:

இங்கேயும் காரணம்தான் தீர்மானிக்கும். பருவநிலைக்காக விட்டவருக்கு மிட்டாயில் உள்ள 2 கிராம் ஜெலட்டின் ஒரு பொருட்டே இல்லை. மதத்துக்காக விட்டவருக்குத் துளி பட்டாலும் பட்டதுதான், கரண்டி மாறினாலும் பிரச்சினை. இரண்டு பேரையும் ஒரே விதியால் அளந்து "நீ அரைகுறை" என்று சொல்வது தவறு.

பார்க்க வேண்டியவை: ஜெலட்டின் (மாடு, பன்றித் தோல், எலும்பு, சில சமயம் மீன்), மெல்லும் மிட்டாய், மார்ஷ்மெல்லோ, மாத்திரைக் கூடு எல்லாவற்றிலும் வரும். ரென்னெட், பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் நாலாம் வயிற்றிலிருந்து எடுப்பது. 1990 முதல் நுண்ணுயிர் வழியாகச் செய்த கைமோசின் (ரென்னெட்டில் பாலை உறைய வைக்கும் நொதி) பரவியதால் இன்று பல பாலாடைக்கட்டிகளில் கன்று ரென்னெட் கிடையாது, ஆனால் அசல் பார்மிஜானோ ரெஜியானோவில் கன்று ரென்னெட் கட்டாயம். பொட்டலத்தின் சேர்க்கைப் பொருள் எண்களில் இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். இ471 (கொழுப்பையும் நீரையும் கலக்க வைப்பது), இ631 (சுவைகூட்டி) இரண்டும் தாவர வழியிலும் வரலாம், விலங்கு வழியிலும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். டி3 வைட்டமின் பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து. பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

துளிகூடக் கூடாது என்ற நிலை மருத்துவத்திலும் உண்டு. சில வகை உண்ணி கடித்த பிறகு ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை வந்துவிடும். மாடு, ஆடு, பன்றி சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் மூச்சுத்திணறலும் தொடங்கும் என்பதால், இரவு உணவையும் நள்ளிரவுத் தடிப்பையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கோழியும் மீனும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஜெலட்டின் கூடு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

உப்புக்கணக்கு:

விட்டவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்பதையும் சேர்த்துவிடலாம். அமெரிக்காவில் 2014-ல் ஃபானலிட்டிக்ஸ் என்ற விலங்குநல ஆய்வு அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், ஒரு காலத்தில் சைவமோ வீகனோ ஆனவர்களில் 84% பேர் திரும்பிவிட்டிருந்தார்கள், அதில் மூன்றில் ஒருவர் முதல் மூன்று மாதத்துக்குள். கொள்கை பலவீனம் என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அடுப்படியில் நடக்கும் தோல்வி இது. கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல், கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும், அந்தப் பசிதான் திரும்ப இழுக்கும். ஒவ்வொரு முக்கிய வேளையிலும் 20 கிராம் புரதமாவது இருக்கட்டும். கறியின் ருசியில் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளுக்கும் பங்கு உண்டு. அதைக் காளான், வறுத்த தக்காளி, சோயா சாஸ் தரும். டோஃபுவைத் துணியில் சுற்றி எடை வைத்து 20 நிமிடம் நீரை வடித்த பிறகே வாணலியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பொரியாது, வேகத்தான் செய்யும். சோயா உருண்டையை உப்புநீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு இரண்டு முறை பிழிந்தால் பச்சை வாடை போய்விடும், மசாலாவும் உள்ளே ஏறும்.

வயிற்று உப்புசம் இரண்டாவது காரணம். பயறுகளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை நம் குடலால் செரிக்க முடியாது, பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. முதல் வாரம் வேளைக்கு வெந்த பயறு மூன்று தேக்கரண்டியோடு நிறுத்தி, மூன்று நான்கு வாரத்தில் ஒரு கிண்ணத்துக்கு ஏற்றுங்கள். 8 முதல் 12 மணி நேரம் ஊற வைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேக வையுங்கள். தக்காளி போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்தால் தோல் இறுகிவிடும், வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நஞ்சுப் புரதம், நாலைந்து விதை சரியாக வேகாமல் உள்ளே போனாலே ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, நீரைக் கொட்டி, தளதளவென்று 100 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மெதுவாக வேக வைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் அப்படியே போடக் கூடாது. அதன் சூடு 80 டிகிரியைத் தாண்டாமல் நின்றுவிட்டால் நஞ்சு அழிவதற்குப் பதிலாகப் பச்சை விதையைவிடக் கூடிவிடும். முதலில் அடுப்பில் கொதிக்கவிட்டுப் பிறகு அதில் மாற்றலாம். பிரஷர் குக்கரில் விசில் வந்து நன்றாகக் குழைந்தால் இந்தக் கவலை இல்லை.